நான் வளர்த்த அந்தூரியம்

மாணவர்களே,

“நான் விரும்பி வளர்த்த பூங்கன்று” என்ற தலைப்பைக் கண்டதும் உங்கள் பேனா எப்படித் தொடங்கும் என்பதை நான் அறிவேன். “எமது வீட்டு முற்றத்திலே பலவகையான பூங்கன்றுகள் உள்ளன. அவற்றுள் என் மனதைக் கவர்ந்தது…” என்று ஆரம்பிப்பீர்கள். நிறத்தை வருணிப்பீர்கள். காலையும் மாலையும் நீர் ஊற்றியதையும் பசளை இட்டதையும் சொல்வீர்கள். இறுதியில் அது பூத்துக் குலுங்கியதாக முடிப்பீர்கள். பத்தாந் தரத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன். நல்ல புள்ளியும் கிடைத்தது. ஆனால் அதுவரை நான் ஒரு கன்றையேனும் வளர்த்ததில்லை. உண்மையாகவே ஒரு கன்றை வளர்க்கத் தொடங்கியபோது, காலையும் மாலையும் நீர் ஊற்றியே அதனைச் சாகும் நிலைக்குக் கொண்டுவந்தேன். அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

2010ஆம் ஆண்டு ஏப்பிரல் விடுமுறை. நான் அப்பொழுது பதினோராந் தரம். கண்டியில் வசிக்கும் என் சித்தி, ஏ9 வீதியால் பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்தார். வழிநெடுக மடியில் வைத்துக்கொண்டு வந்த பூச்சாடி ஒன்றை என் கையில் தந்தார். அதில் ஓர் அந்தூரியம் இருந்தது. இதய வடிவான ஐந்து இலைகள். அவற்றின் நடுவே மெழுகு பூசியதுபோல் மினுங்கும் ஒரு சிவப்புப் பூ. செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் மட்டுமே கண்டு பழகிய எங்கள் வீட்டில் அது பெரிய அதிசயமாக இருந்தது. அயலவர்கள் வந்து தொட்டுப் பார்த்து, “இது பிளாஸ்ரிக்கோ?” என்று கேட்டார்கள். சித்தி புறப்படும்போது, “கவனமாப் பார்த்துக்கொள், பிள்ளை” என்றார். வேறும் சில விடயங்கள் சொன்னார். அந்த ஒரு வசனம் மட்டுமே என் காதில் விழுந்தது.

அந்தப் பூவைப்பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் பூ என்று சொல்லும் அந்தச் சிவந்த அகன்ற பகுதி உண்மையில் பூவின் இதழ் அன்று. அது உருமாறிய ஓர் இலை. தென்னையிலும் பனையிலும் நீங்கள் காணும் பாளையைப் போன்றது. அதன் நடுவே நிமிர்ந்து நிற்கும் குச்சி போன்ற பகுதியிலேதான் உண்மையான பூக்கள் நெருக்கமாக அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் குண்டூசித் தலையளவானது. அப்பூக்களில் பெண் பகுதி முதலிலும் மகரந்தம் அதன் பின்னரும் முதிர்கின்றன. எனவே ஒரு பூ தன்மகரந்தச் சேர்க்கை அடைவது பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. ‘அந்தூரியம்’ என்ற சொல்லே கிரேக்க மொழியில் பூ, வால் என்னும் இரு சொற்களிலிருந்து பிறந்தது. அந்தக் குச்சியைத்தான் வால் என்றார்கள். சேம்பும் கருணையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. கருணைக்கிழங்கை வெட்டும்போது கை அரிப்பதற்குக் காரணமான கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் அந்தூரியத்திலும் உண்டு. ஆகவே சிறு பிள்ளைகள் இதன் இலையை வாயில் வைக்க விடக்கூடாது.

இவற்றையெல்லாம் நான் பின்னாளில் படித்தேன். அப்பொழுது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய முக்கியமான விடயம் வேறொன்று. அதாவது, இச்செடி எங்கிருந்து வந்தது என்பது. 1876ஆம் ஆண்டு எடுவார்ட் அந்திரே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் இதனைத் தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் கண்டார். இவ்வினத்தின் பெயரான ‘அந்தூரியம் அந்திரேயானம்’ அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. அங்கே இது மழைக்காட்டில், பெரிய மரங்களின் நிழலில் வளர்கிறது. பல வேளைகளில் மண்ணிலன்றி மரக்கிளைகளின்மேல் மேலொட்டித் தாவரமாக வாழ்கிறது. அதன் வேர்கள் மரப்பட்டையையும் உக்கிய இலைகளையும் பற்றிக்கொண்டு காற்றில் இருக்கும். மழை அடிக்கடி பெய்யும். ஆனால் பெய்த நீர் வேரில் தங்காது வழிந்தோடிவிடும். ஈரமான காற்று, வடிகட்டிய வெளிச்சம், மூச்சுவிடும் வேர் ஆகிய மூன்றுமே அதன் தேவைகள்.

நானோ அதனை யாழ்ப்பாணத்து விறாந்தையில், தோட்டத்து மண் இறுக்கி நிரப்பிய பெரிய சாடியொன்றுக்கு மாற்றி வைத்தேன். சித்தி தந்த சாடியில் செங்கல் துண்டும் தும்பும் கரியுமாக இருந்ததைக் கண்டு, “மண்ணே இல்லாமல் இது எப்படி வளரும்?” என்று இரக்கப்பட்டேன். முதற் பிழை அந்த இரக்கத்தில் தொடங்கியது.

மே மாதம் சோளகம் வீசத் தொடங்கியது. அந்த வரண்ட காற்றுப் பட்டதும் இலை நுனிகள் மண்ணிறமாகிக் கருகின. தாகம் என்று நினைத்தேன். ஒரு நேரம் ஊற்றிய நீரை இரண்டு நேரமாக்கினேன். ஊற்றிய நீர் வீணாக வெளியே ஓடிவிடுகிறதே என்று சாடியின்கீழ் ஒரு பிளாஸ்ரிக் தட்டும் வைத்தேன். தட்டில் எப்பொழுதும் நீர் நிற்பதைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது. நுனிகள் மேலும் கருகின.

அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லினூடாக வருவது, அது வன்னீர். உங்கள் வீட்டுக் கேத்தலின் உட்புறத்தில் படியும் வெண்படிவை நினைத்துப் பாருங்கள். கிணற்று நீரை ஊற்ற ஊற்ற நீர் ஆவியாகிப் போக, அதிலிருந்த உப்புகள் சாடியில் தங்கிக்கொண்டன. மழைநீருக்குப் பழகிய வேருக்கு அது ஒத்துவரவில்லை.

ஓகஸ்ற் மாதத்தில் இரண்டு இலைகள் மஞ்சளாயின. இப்பொழுது ‘பசி’ என்று நினைத்தேன். அப்பாவின் வெங்காயத் தோட்டத்துக்கென வைத்திருந்த யூரியாவில் ஒரு மேசைக்கரண்டி நிறைய எடுத்து, ஒருவருக்கும் சொல்லாமல் சாடியில் போட்டேன். விஞ்ஞான பாடத்தில் பிரசாரணம் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். வேர்க்கலத்துக்கு வெளியேயுள்ள கரைசல் செறிவு கூடியதாக இருந்தால், நீர் கலத்துக்குள் செல்வதற்குப் பதிலாகக் கலத்திலிருந்து வெளியேறும். நானும் அதைப் படம் வரைந்து குறித்துப் பதினைந்து புள்ளி எடுத்தவள்தான். ஆனால் பாடப் புத்தகத்திலுள்ள கலமும் விறாந்தையிலுள்ள என் செடியின் கலமும் ஒன்றுதான் என்பது அப்பொழுது எனக்கு உறைக்கவில்லை. ஒரு கிழமைக்குள் மேலும் இரண்டு இலைகள் துவண்டன.

சித்தி தொலைபேசியில் கேட்டபோது, “நல்லா இருக்கு, சித்தி” என்றேன். பொய் சொன்னேன். ஒரு கன்றைக்கூடப் பார்க்கத் தெரியாதவள் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம்.

ஒக்ரோபரில் மழை பிடித்தது. எனக்கு டிசெம்பரில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை. மேலதிக வகுப்பு, கடந்தகால வினாத்தாள் என்று ஓடித் திரிந்ததில் விறாந்தைப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டேன். தட்டில் மழைநீர் நிறைந்து நின்றது.

நவெம்பர் முதற் கிழமையில் என் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. அவனுக்கு அப்பொழுது எட்டு வயது. மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை செய்து, டெங்கு என்று சொல்லி வைத்தியசாலையில் அனுமதித்தார்கள். அம்மா அவனோடு தங்கினார். நாலாம் நாள் காய்ச்சல் குறைந்தது. எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் வைத்தியர்கள் அதன் பின்னர்தான் அவனை அடிக்கடி வந்து பார்த்தார்கள். டெங்கில் காய்ச்சல் குறையும் வேளையே ஆபத்தான வேளை என்பதை நாங்கள் அன்றுதான் அறிந்தோம். அவ்வேளையில் குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்கலாம். குருதிச் சிறுதட்டுகளும் குறையும்.

அன்று மாலை நான் சாப்பாடு கொண்டு போனபோது அவன் “தண்ணி, தண்ணி” என்று அழுதுகொண்டிருந்தான். நான் போத்தலை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துத் தடுத்தார். கட்டிலருகே தொங்கிய தாளில், குடித்த நீரும் கழித்த சிறுநீரும் மில்லிலீற்றர் கணக்கில் எழுதப்பட்டிருந்தன.

“அளந்துதான் குடுக்க வேணும், பிள்ளை. குறைஞ்சாலும் கூடாதாம், கூடினாலும் கூடாதாம்” என்றார் அம்மா.

கூடினாலும் கூடாது! கசிந்து வெளியேறும் திரவம் நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கும் வேளையில், அளவுக்கு மீறி நீர் கொடுப்பதும் ஆபத்தாகலாம் என்று தாதி ஒருவர் விளக்கினார். அழுகின்ற பிள்ளைக்கு அருகே நீரை வைத்துக்கொண்டு, குறித்த நேரம் வரும்வரை அம்மா காத்திருந்தார். அன்பு இருப்பவர் கையில் ஒரு அளவுக் குவளையும் இருக்க வேண்டும் என்பதை அன்று கண்டேன்.

மறுநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கிணற்றடி, பழைய ரயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு விறாந்தைக்கு வந்தார். அந்தூரியச் சாடியைத் தூக்கிவிட்டுத் தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். நீரில் சின்னச் சின்னக் குடம்பிகள் நெளிந்து நெளிந்து மேலும் கீழும் போயின. எனக்குத் தலை சுற்றியது.

அந்தத் தட்டில் வளர்ந்த நுளம்புதான் என் தம்பியைக் கடித்தது என்று ஒருவராலும் நிரூபிக்க முடியாது. நோயாளி ஒருவரைக் கடித்துக் கிருமியைப் பெற்ற நுளம்புதான் பொதுவாக அடுத்தவருக்கு நோயைக் கொடுக்கும். அது அயல் வளவிலிருந்தும் வந்திருக்கலாம். இதையெல்லாம் அவரே சொன்னார். ஆனாலும் தட்டை வைத்தவள் நான்.

அம்மம்மா கொதித்துப்போய், “பூவும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். எல்லாச் சாடியையும் தூக்கி வெளியால எறி!” என்றார். நான் அழுதுகொண்டே சாடியைத் தூக்கினேன். அந்தப் பரிசோதகர் என்னைத் தடுத்தார்.

“சாடி பிழையில்லைப் பிள்ளை. சாடிக்குக் கீழ இருக்கிற தட்டுத்தான் பிழை” என்றார்.

பிறகு தட்டை எப்படிக் கழுவுவது என்று காட்டினார். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்கு நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கும். அவை பல மாதங்கள் காய்ந்து கிடந்தாலும், மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே உட்சுவரைத் தும்பினால் நன்றாக உரைஞ்சிக் கழுவ வேண்டும். முட்டை பொரித்து நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு கிழமை முதல் பத்து நாள் செல்லும். எனவே கிழமைக்கு ஒருமுறை தவறாது செய்தால் அந்தச் சக்கரம் அறுந்துவிடும். இலங்கையில் 2017ஆம் ஆண்டில் மாத்திரம் 186,000 இற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். அந்த எண்ணைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு பிளாஸ்ரிக் தட்டுத்தான் நினைவுக்கு வருகிறது.

தம்பி ஒன்பதாம் நாள் வீடு திரும்பினான். அன்று இரவு நான் சித்திக்குத் தொலைபேசி எடுத்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் ஏசவில்லை. “வேரை எடுத்துப் பார். வெள்ளையா ஏதும் இருந்தா அது பிழைக்கும்” என்றார்.

மறுநாட் காலை செடியைப் பிடுங்கினேன். கெட்ட நாற்றம் அடித்தது. வேர்கள் கறுத்து, தொட்டவுடன் தோல் கழன்று வந்தன. நீர் தேங்கிய மண்ணில் காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் வேருக்கு ஒட்சிசன் இல்லை. ஒட்சிசன் இல்லாத வேர் சுவாசிக்க முடியாது இறக்கும். இறந்த வேரைப் பங்கசு அழுகச் செய்யும். வேர் அழுகிய பின் சுற்றிவர நீர் இருந்தும் இலைக்கு நீர் ஏறாது. நான் தாகம் என்று நினைத்தது நீரில் மூழ்கிய செடியின் வாட்டத்தை. ஆனால் அடித்தண்டின் ஓரத்தில், விரல் நீளத்தில் ஒரு பக்கக் கன்று இருந்தது. அதில் இரண்டு வெள்ளை வேர்கள்.

சித்தி சொன்னபடி செய்தவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். வேண்டியவர்கள் செய்து பாருங்கள். பக்கக் கன்றைச் சுத்தமான கத்தியால் வெட்டி எடுத்தேன். அடியில் துளையுள்ள சிறிய மண்சாடி ஒன்றில் முதலில் உடைந்த செங்கல் துண்டுகளையும், அதன்மேல் கரித்துண்டுகளும் தேங்காய்ப் பொச்சுத் துண்டுகளும் கலந்து இட்டேன். பொச்சில் உப்பும் சாயமும் இருக்கும் என்பதால், அதனைச் சில நாட்கள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவிய பின்னரே பயன்படுத்தினேன். கன்றின் வேர் மூடுமளவுக்கு மட்டும் நட்டேன். கிடுகு கட்டி நிழலாக்கிய மூலையில், நேர் வெயில் படாத, ஆனால் புத்தகம் வாசிக்கப் போதிய வெளிச்சமுள்ள இடத்தில் வைத்தேன். இருட்டறையில் வைத்தால் இலை வருமே தவிரப் பூ வருவது அரிது. தட்டு வைக்கவில்லை. நீர் ஊற்றுமுன் விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன்; ஈரம் பட்டால் ஊற்றவில்லை. கூரையிலிருந்து விழும் மழைநீரைச் சீலை கட்டி மூடிய பரலில் சேர்த்து அதையே பாவித்தேன். காற்று வரண்ட நாட்களில் இலைகளுக்கு மட்டும் நீர் தெளித்தேன். புதிய வேர் ஓடும்வரை பசளையே இடவில்லை. அதன் பின்னரும் மாதம் ஒருமுறை நன்கு ஐதாக்கிய கூட்டெரு நீர் மட்டுமே.

பரீட்சை எழுதினேன். பெறுபேறுகளுக்காகக் காத்திருந்த நாட்களில் முதலாவது புதிய இலை சுருள் விரித்தது. அந்தூரியம் முதிர்ந்த பின்னர், ஓர் இலைக்கு ஒரு பூ என்ற கணக்கில் இலையடியிலிருந்தே பூ வரும். ஆகவே இலைகளைக் காப்பாற்றுவதுதான் பூவுக்கான வழி. அவசரப்படுத்த முடியாது. அடுத்த சோளகமும் வந்து போன பின்னர், ஒரு நாட் காலை தம்பி விறாந்தையிலிருந்து கூப்பிட்டான்:

“அக்கா, ஓடி வா! சிவப்பா ஒண்டு எட்டிப் பார்க்குது!”

நான் ஓடிப் போனேன். எனக்குப் பின்னால் அம்மம்மாவும் வந்தார். அவர் பூவைப் பார்க்கவில்லை. குனிந்து சாடியின் அடியைப் பார்த்தார். தட்டு இல்லை என்று கண்டபின்தான் நிமிர்ந்து, “வடிவான பூ” என்றார்.

இன்று அந்தக் கன்றின் வழிவந்த அந்தூரியங்கள் ஆறு சாடிகளில் உள்ளன. ஒன்று கண்டிக்கே திரும்பிப் போனது. மற்றப் பூங்கன்றுகளையும் வளர்க்கிறேன். புதிதாக ஒன்று வந்தால், “உன் ஊர் எது?” என்றுதான் முதலில் தேடிப் பார்ப்பேன். செவ்வரத்தைக்கு முழு வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் கொப்பு நீளுமே தவிரப் பூக்காது. மரத்தில் ஒட்டி வாழும் ஓர்கிட்டுக்கு மண்ணே வேண்டாம். ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு நஞ்சு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நாம் வாக்கியத்தில் அமைத்து எழுதிய பழமொழி, என் விறாந்தையில் ஒரு மேசைக்கரண்டி யூரியாவாக இருந்தது.

மாணவர்களே, பரீட்சையில் இத்தலைப்பு வந்தால் நீங்கள் பூத்துக் குலுங்கிய கன்றைப்பற்றியே எழுதலாம். ஆனால் அதற்கு முன் ஒரு கன்றையேனும் உண்மையாக வளர்த்துப் பாருங்கள். நீர் ஊற்றக் கை நீளும்போது ஒரு கணம் நிறுத்தி, விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். இன்றைக்கு வேறொன்றும் செய்ய நேரமில்லாவிட்டால், உங்கள் வீட்டுப் பூச்சாடிகளின் கீழே ஏதேனும் தட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

பயிற்சி

1. செடியின் வாட்டத்தைக் கட்டுரையாளர் எவ்வாறு தவறாக விளங்கிக்கொண்டார்? இரண்டு சந்தர்ப்பங்களைக் குறிப்பிடுக.
2. “சாடி பிழையில்லைப் பிள்ளை. சாடிக்குக் கீழ இருக்கிற தட்டுத்தான் பிழை.” இக்கூற்றை விளக்குக.
3. வைத்தியசாலைச் சம்பவத்துக்கும் செடி வளர்ப்புக்கும் உள்ள தொடர்பு யாது?
4. நீங்கள் செய்து பிழைத்துப்போன ஒரு காரியம்பற்றி 200 சொற்களில் கட்டுரை ஒன்று எழுதுக.